‘பாதுகாப்புச் சோதனை நடைபெறுகிறது...’ - கனடா விசாவுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் என்ன செய்யலாம்?

வேலூர் மாவட்டத்தில் ஒரு வீடு. கோடைக்கால விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். காலை ஏழு மணிக்கு, மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்கு ஆயா தலை பின்னிக்கொண்டிருக்கிறார். எதிரே டம்ளரில் சாய்த்து வைத்த மொபைலில் அம்மாவின் முகம். அங்கே, கனடாவின் பிராம்ப்டன் நகரில், முந்தைய நாள் இரவு ஒன்பதரை மணி.

“அத்தை, ஒரு ரிப்பன் பச்சை, ஒரு ரிப்பன் நீலம் கட்டியிருக்கீங்க பாருங்க!”

வீடே சிரிக்கிறது. மகள் ஸ்கூல் வேன் ஏறியதும், கனடாவில் இருப்பவர் கணவரிடம் கேட்பது ஒரே கேள்வி. “அக்கவுன்ட்ல ஏதாவது மாறியிருக்கா?”

மாறவில்லை. ‘பேக்ரவுண்ட் செக்: நடைபெறுகிறது’ என்ற அதே வரிதான். பத்தொன்பது மாதங்களாக அதே வரி.

மனைவி செவிலியர். மகள் எல்.கே.ஜி படிக்கும்போது மேற்படிப்புக்காகக் கனடா போனவர், படிப்பை முடித்து ஒரு முதியோர் இல்லத்தில் வேலையில் சேர்ந்தார். பிறகு தனக்கும் கணவருக்கும் மகளுக்கும் சேர்த்து நிரந்தரக் குடியுரிமைக்கு, அதாவது ‘பி.ஆர்’ விசாவுக்கு, எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் விண்ணப்பித்தார். கணவர் ராணுவத்தில் 17 வருடங்கள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். இப்போது உள்ளூர் வங்கிக் கிளையில் காவல் பணி. விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் பெயர் வேண்டாம் என்கிறார்கள் இருவரும்.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி விண்ணப்பங்களுக்குக் கனடா அரசு சொல்லும் இலக்கு ஆறு மாதம். பெரும்பாலானவர்களுக்கு அந்த வாக்கில் முடிவு வந்துவிடும். ஆனால், சிலருடைய ஃபைல் மட்டும் ‘பாதுகாப்புச் சோதனை’ என்ற இடத்தில் நின்றுவிடும். எவ்வளவு நாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படி நிற்கும் காலத்தில் ஒரு குடும்பம் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது?

சோதிப்பது யார்?

விசா கொடுப்பது கனடாவின் குடிவரவுத் துறை. ஆனால், பாதுகாப்புச் சோதனையை அந்தத் துறை மட்டுமே செய்வதில்லை. தேவை என்று அதிகாரி கருதினால், ஃபைலை எல்லைப் பாதுகாப்புத் துறைக்கும், சி.எஸ்.ஐ.எஸ் எனப்படும் உளவுத் துறைக்கும் அனுப்புவார். அவர்கள் தங்கள் கருத்தைத் திருப்பி அனுப்புவார்கள். முடிவெடுப்பது குடிவரவு அதிகாரிதான் என்றாலும், அந்தக் கருத்து வரும்வரை ஃபைல் நகராது.

அவர்கள் பார்ப்பது எதை? கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 2002-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 34-வது பிரிவு உளவு, பயங்கரவாதம், ஆட்சிக் கவிழ்ப்பு பற்றியது. 35-வது பிரிவு போர்க்குற்றம், மனித உரிமை மீறல் பற்றியது. 37-வது பிரிவு குற்றக் கும்பல்கள் பற்றியது. இவற்றில் எதுவும் விண்ணப்பதாரருக்குப் பொருந்தாது என்று உறுதிசெய்துகொள்வதே சோதனையின் நோக்கம்.

இங்கே பலரும் குழப்பிக்கொள்வது ஒன்று உண்டு. பாஸ்போர்ட் சேவா மையத்தில் வாங்கும் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் வேறு. இந்தச் சோதனை வேறு. ‘என்மேல் ஒரு கேஸ்கூடக் கிடையாதே’ என்று வருந்துவதில் பயனில்லை. சோதனைக்கு அனுப்பப்படுவது குற்றச்சாட்டும் அல்ல. இன்னும் பதில் கிடைக்காத கேள்வி, அவ்வளவுதான்.

முக்கியமான இன்னொன்று: குடும்பமாக விண்ணப்பித்தால், ஒருவருடைய சோதனை முடியாவிட்டாலும் மற்ற யாருக்கும் முடிவு வராது. மனைவியின் தகுதி, மகளின் மருத்துவப் பரிசோதனை எல்லாம் எப்போதோ முடிந்தாலும், கணவரின் பெயருக்கு எதிரே இருக்கும் அந்த ஒரு வரிக்காக மூன்று பேரும் காத்திருக்கத்தான் வேண்டும்.

‘56 ஏ.பி.ஓ’ என்ற முகவரி

யாருடைய ஃபைல் கூடுதல் சோதனைக்குப் போகும் என்ற பட்டியலை அரசு வெளியிடுவதில்லை. ஆனால், விண்ணப்பப் படிவமே ஒரு துப்பு தருகிறது. ‘ஷெட்யூல் ஏ’ என்ற பின்னணிப் படிவத்தில் ராணுவம், போலீஸ் பணி, அரசுப் பதவி, உறுப்பினராக இருந்த அமைப்புகள், எப்போதாவது காவலில் வைக்கப்பட்டது என எல்லாவற்றையும் தனித்தனியே கேட்கிறார்கள். கடந்த பத்து வருடங்களில் செய்த வேலைகளையும் வசித்த முகவரிகளையும் ஒரு மாத இடைவெளியும் இல்லாமல் எழுதச் சொல்கிறார்கள்.

வேலூர் பக்கம் இது சாதாரண விஷயமில்லை. கம்மவான்பேட்டை மாதிரி, வீட்டுக்கு ஒருவரைப் படைக்கு அனுப்பிய ஊர்கள் உள்ள மாவட்டம் இது. எல்லையில் இருக்கும் சிப்பாய்க்கு வீட்டிலிருந்து கடிதம் போட்டால் ‘மார்பத் 56 ஏ.பி.ஓ’ என்றுதான் முகவரி எழுதுவார்கள். அது ராணுவத் தபால் எண். ஊர்ப் பெயரே இருக்காது. இந்தக் கணவரும் படிவத்தில் பல வருடங்களுக்கு அதையே எழுதிவிட்டார். தெரு, ஊர், மாநிலம் என்று கேட்கும் ஓர் அதிகாரிக்கு அது வெற்றிடம் மாதிரிதான்.

ராணுவப் பணி என்பதால் சோதனை நீள்வது புதிதல்ல. 2010-ல், எல்லைப் பாதுகாப்புப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஓர் இந்தியருக்கு, அந்தப் படையில் இருந்ததையே காரணமாகச் சொல்லிக் கனடா விசா மறுக்கப்பட்டது. இந்திய அரசு கடுமையாக ஆட்சேபித்தது. அந்த ஆண்டு மே மாதம் அப்போதைய குடிவரவு அமைச்சர் ஜேசன் கென்னி வருத்தம் தெரிவித்தார். அந்த விவகாரம் அத்துடன் அடங்கினாலும், சீருடை அணிந்தவர்களிடம் கூடுதல் விவரம் கேட்கும் வழக்கம் தொடர்கிறது.

இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் காத்திருப்பு இன்னும் பழக்கமானது. 2006 ஏப்ரலில் விடுதலைப் புலிகள் அமைப்பைக் கனடா தடைப் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு, எந்த ஆண்டு எந்த ஊரில் இருந்தீர்கள், எந்த முகாமில் இருந்தீர்கள், யாருக்கு வேலை செய்தீர்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்வதிலேயே பல வீடுகளில் மாதங்கள் கழிந்திருக்கின்றன.

இப்படி விவரம் கேட்டுக் கடிதம் வந்தால், ஒரு வரியில் பதில் எழுதாதீர்கள். எந்த ரெஜிமென்ட், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த ஊர், என்ன பதவி, என்ன வேலை என்று அட்டவணையாக எழுதுங்கள். முன்னாள் ராணுவத்தினர் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் ஆணையையும் வைத்துக்கொண்டே எழுதலாம். சந்தேகம் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். பதிவேட்டில் உள்ளதை மட்டும் எழுதுங்கள். ராணுவ ரகசியம் என்று கருதும் எதையும் வெளியிட வேண்டியதில்லை. ‘இதை வெளியிட எனக்கு அனுமதி இல்லை’ என்று நேர்மையாகக் குறிப்பிடலாம்.

பெயரிலும் கவனம் வேண்டும். நம் ஊரில் இனிஷியல்தான் வழக்கம். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இனிஷியலாக இருக்கும் அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். பள்ளிச் சான்றிதழில் எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று விளக்கும் உறுதிமொழிப் பத்திரத்தையும் ஒரு கடிதத்தையும் இணைத்துவிட்டால், ஒரு சந்தேகம் குறையும்.

“என் பேரை எடுத்துடு...”

தாமதம் ஒரு வருடத்தைத் தாண்டிய நேரத்தில், உள்ளூர் ஏஜென்ட் ஒருவர் ஆலோசனை சொன்னார். “ராணுவத்துல இருந்ததையே எழுதாம விட்டிருக்கலாமே சார். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. உங்க பேரை எடுத்துட்டா, மேடத்துக்கும் பாப்பாவுக்கும் உடனே வந்துடும். அப்புறம் அவங்க உங்களை ஸ்பான்சர் பண்ணிக்கட்டும்.”

அன்று இரவு கணவர் மனைவியிடம் அதையே சொன்னார். “என்னாலதானே எல்லாம் நிக்குது. என் பேரை எடுத்துடு. நீயும் பாப்பாவும் ஒண்ணா இருங்க. எனக்கு அது போதும்.”

மனைவி அழுதார். பிறகு கோபப்பட்டார். இரண்டு நாள் போனில் சரியான பேச்சே இல்லை. மூன்றாம் நாள், கனடாவில் உரிமம் பெற்ற ஒரு வழக்கறிஞரிடம் கட்டணம் கட்டி ஆலோசனை கேட்டார். ஏஜென்ட் சொன்ன இரண்டுமே குடும்பத்தைக் கவிழ்த்திருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ராணுவப் பணியை மறைப்பது, சட்டத்தின் 40-வது பிரிவின்படி தவறான தகவல் தருவது. கண்டுபிடித்தால் ஐந்து வருடம் தடை. அந்தக் காலத்தில் பி.ஆருக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பி.ஆர் கிடைத்த பிறகு தெரிந்தாலும் அதைப் பறிக்கலாம்.

இரண்டாவது, பெயரை எடுப்பது. கணவர் உடன் வரவில்லை என்று எழுதினாலும், விண்ணப்பத்தில் அவரைக் காட்டியே ஆக வேண்டும்; அவருக்கும் சோதனை உண்டு. ஆகவே, நேரம் மிச்சமாகாது. அவரைக் காட்டாமலோ, சோதனைக்கு உட்படுத்தாமலோ மனைவி பி.ஆர் வாங்கிவிட்டால், பிற்பாடு குடும்ப விசாவில் அவரை அழைத்துக்கொள்ள முடியாது என்பதே பொதுவிதி. குறுக்கு வழி என்று நினைத்தது, கணவனையும் மனைவியையும் நிரந்தரமாகப் பிரித்துவிடக்கூடிய வழி!

கட்டணம் வாங்கிக்கொண்டு கனடா குடிவரவு ஆலோசனை சொல்ல, அந்நாட்டு வழக்கறிஞர் அமைப்புகளில் பதிவு பெற்றவர்களுக்கும், 2021 முதல் இயங்கும் குடிவரவு ஆலோசகர்கள் கல்லூரியில் உரிமம் பெற்றவர்களுக்குமே அனுமதி. அவர்களின் பெயர்ப் பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். பணம் கட்டும் முன் அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஃபைல் எங்கே நிற்கிறது?

‘நடைபெறுகிறது’ என்ற ஒற்றை வரியைத் தினமும் பார்த்து நொந்துகொள்வதைவிட, ஐந்து டாலர் செலவழிப்பது நல்லது. கனடாவின் தகவல் பெறும் சட்டத்தின்படி, நாட்டுக்குள் இருக்கும் எவரும் ஐந்து டாலர் கட்டணத்தில் தங்கள் ஃபைலின் உள்குறிப்புகளைக் கேட்கலாம். கணவரின் விவரத்துக்கு அவருடைய ஒப்புதல் கையெழுத்து தேவை. 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி. சில நேரம் கூடுதல் அவகாசம் எடுத்துக்கொள்வார்கள்.

அந்தக் குறிப்புகளில் தகுதி, மருத்துவம், குற்றப் பின்னணி, பாதுகாப்பு என ஒவ்வொன்றும் முடிந்ததா, இன்னும் தொடங்கவில்லையா என்று தனித்தனியே இருக்கும். உளவுத் துறை தொடர்பான பகுதிகளை மறைத்துத்தான் தருவார்கள். ஆனாலும் இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று, மற்ற எல்லாம் முடிந்து பாதுகாப்பு மட்டும் நிற்கிறதா என்பது. இன்னொன்று, உங்களிடம் கேட்ட காகிதம் ஏதாவது போய்ச் சேராமல் இருக்கிறதா என்பது. இரண்டாவது என்றால், தாமதத்தின் சாவி உங்கள் கையிலேயே இருக்கிறது.

காலாவதி ஆகும் காகிதங்கள்

ஃபைல் தூங்கினாலும், அதிலுள்ள காகிதங்களின் தேதிகள் ஓடிக்கொண்டிருக்கும்.

* மருத்துவப் பரிசோதனை: பன்னிரண்டு மாதம்தான் செல்லும். காலாவதி ஆனதும் நீங்களாக ஓடிப்போய் மறுபடி செய்ய வேண்டாம். அவர்கள் கேட்கும்போது செய்தால் போதும். இல்லையென்றால் பணமும் போகும், அதுவும் காலாவதி ஆகலாம்.

* பாஸ்போர்ட்: ஒரு வருடத்துக்குள் முடியப்போகிறது என்றால் புதுப்பித்து, புதிய எண்ணை உடனே தெரிவியுங்கள்.

* போலீஸ் சான்றிதழ்: மறுபடி கேட்கலாம். பழைய பிரதிகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

* குடும்பத்தில் மாற்றம்: குழந்தை பிறந்தாலும், முகவரி மாறினாலும், வேலை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். குழந்தை பிறந்ததைச் சொல்லாமல் விடுவது பெரிய தவறு.

* வேலை அனுமதி: கனடாவில் இருப்பவரின் அனுமதி முடியப்போகிறது என்றால், பி.ஆர் நிலுவையில் உள்ளவர்களுக்கென்றே ‘பிரிட்ஜிங் ஓப்பன் வொர்க் பர்மிட்’ இருக்கிறது. பழைய அனுமதி முடிவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

* ஊருக்கு வர: வேலை அனுமதி கையில் இருப்பதாலேயே கனடாவுக்குத் திரும்ப நுழைந்துவிட முடியாது. இந்தியர்களுக்கு நுழைவு விசாவும் செல்லுபடியாக இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் அவசரத்துக்கு ஊர் வந்து, திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டால் வேலைக்கே ஆபத்து.

பிள்ளைகளின் வயது பற்றிப் பல பெற்றோர் பயப்படுகிறார்கள். அது தேவையில்லை. 22 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சேர்க்கலாம். முழுமையான விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளில் என்ன வயதோ, அதுவே கணக்கு. ஆனால், பிள்ளை நடுவில் திருமணம் செய்துகொண்டால் கதை மாறிவிடும்.

யாரிடம் கேட்கலாம்?

முதலில், குடிவரவுத் துறையின் இணையப் படிவத்தில் எழுதிக் கேட்கலாம். வாரா வாரம் எழுதுவதால் வேகம் கூடாது. இலக்குக் காலம் கடந்த பிறகு, விண்ணப்ப எண்ணுடன், என்ன பாதிப்பு என்பதைத் தேதிவாரியாகச் சுருக்கமாக எழுதுங்கள்.

அடுத்து, கனடாவில் வசிப்பவரின் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகம். இந்தியப் பழக்கத்தில் ‘எம்.பி சிபாரிசு’ என்று நினைக்க வேண்டாம். அவரால் முடிவை மாற்ற முடியாது. ஆனால், அவருடைய அலுவலகம் துறையிடம் நேரடியாக நிலவரம் கேட்டுச் சொல்லும். இந்தச் சேவைக்குக் கட்டணம் கிடையாது.

தாமதம் உளவுத் துறையிடம் என்று தெரிந்தால், அதன் இயக்குநருக்கு எழுத்தில் புகார் அனுப்பலாம். பதில் வராவிட்டாலோ, திருப்தி இல்லாவிட்டாலோ, 2019-ல் உருவான தேசியப் பாதுகாப்பு மறுஆய்வு அமைப்பிடம் போகலாம்.

கடைசி வழி, நீதிமன்றம். ‘மாண்டமஸ்’ என்ற சொல் நமக்கும் புதிதல்ல. நம் உயர் நீதிமன்றங்களிலும் உண்டு. ‘விசா கொடு’ என்று நீதிமன்றம் சொல்லாது. ‘கொடுப்பதா, மறுப்பதா, முடிவைச் சொல்’ என்று உத்தரவிடும். உளவுத் துறை விசாரணையால் குடியுரிமை விண்ணப்பம் வருடக்கணக்கில் நின்றுபோன ஒருவர் தொடுத்த வழக்கில், 1998-ல் கனடாவின் பெடரல் நீதிமன்றம் மூன்று கேள்விகளை முன்வைத்தது. இந்த வகை வேலைக்கு வழக்கமாகத் தேவைப்படும் காலத்தைவிட அதிகமாகிவிட்டதா? தாமதத்துக்கு விண்ணப்பதாரர் காரணமில்லையா? அதிகாரிகள் சரியான விளக்கம் தரவில்லையா? இன்றும் தாமத வழக்குகளில் இந்த மூன்றையே பார்க்கிறார்கள். இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள். கேட்ட காகிதத்தைக் கேட்ட தேதிக்குள் அனுப்பி, அதற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்தியவருக்கே இந்தக் கதவு எளிதாகத் திறக்கும்.

நடுவில், சந்தேகத்தைக் குறிப்பிட்டு விளக்கம் கேட்கும் கடிதம் வந்தால் பதறாதீர்கள், தாமதிக்கவும் செய்யாதீர்கள். மறுப்பதற்கு முன் உங்கள் பக்கத்தைக் கேட்கும் வாய்ப்பு அது. கெடு முடிவதற்குள் வழக்கறிஞர் உதவியுடன் பதில் அனுப்புங்கள்.

வாழ்க்கையை நிறுத்திவைக்காதீர்கள்

காத்திருக்கும் வீடுகளில் ஒரு நோய் பரவும். ‘எப்படியும் போகப்போறோமே’ என்ற நோய். பழுதான ஃபிரிட்ஜை மாற்ற மாட்டார்கள். பிள்ளையைப் பாட்டு கிளாஸில் சேர்க்க மாட்டார்கள். பல்வலிக்கு டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவார்கள். சிலர் ஒருபடி மேலே போய் வேலையை விடுவார்கள், வீட்டை விற்பார்கள்.

பாஸ்போர்ட்டைக் கேட்டுக் கடிதம் வரும்வரை வேலையை விட வேண்டாம், வீட்டை விற்க வேண்டாம், பள்ளியில் டி.சி வாங்க வேண்டாம். இரண்டு நாடுகளில் இரண்டு குடும்பச் செலவு ஓடுவதால், மாதக் கணக்கை இரண்டு பேரும் சேர்ந்து எழுதுங்கள். கனடாவில் தனியாக இருப்பவர் பணம் அனுப்புவதற்காகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வதும், இங்கிருப்பவர் கடன் வாங்கியதைச் சொல்லாமல் மறைப்பதும் நடக்கிற விஷயங்கள்.

பிள்ளையிடம் ‘அடுத்த மாசம் அம்மாகிட்ட போயிடலாம்’ என்று தேதி சொல்லாதீர்கள். அந்த மாதம் வரும், விசா வராது. குழந்தை அதன் பிறகு எதையும் நம்பாது. ‘தேதி நமக்குத் தெரியாது. தெரிஞ்ச அன்னிக்கே உன்கிட்ட சொல்லுவோம்’ என்பது குழந்தைகளுக்குப் புரியும்.

வேலூர் வீட்டில் சில விதிகள் வந்துவிட்டன. அக்கவுன்ட்டைத் திங்கட்கிழமை மட்டுமே திறந்து பார்ப்பது. காலை ஏழு மணிப் பேச்சில் விசா என்ற வார்த்தையே கூடாது. விசா பேச்செல்லாம் ஞாயிற்றுக்கிழமை, மகள் தூங்கிய பிறகு. ‘56 ஏ.பி.ஓ’ என்றிருந்த வருடங்களுக்கெல்லாம், டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பார்த்துக் கணவர் ஊர்வாரியாக நான்கு பக்கம் எழுதி அனுப்பிவிட்டார். மகள் பாட்டு கிளாஸில் சேர்ந்துவிட்டாள்.

மனைவியின் புதிய வேலை அனுமதி வந்துவிட்டது. திரும்பிப் போவதற்கான நுழைவு விசாவையும் வாங்கிக்கொண்டு, பொங்கலுக்கு மூன்று வாரம் ஊருக்கு வர டிக்கெட் எடுத்திருக்கிறார். “விசா வந்ததும் சேர்ந்து இருக்கலாம்னு நினைச்சே நாலு வருஷம் ஓடிப்போச்சு. இந்தப் பொங்கலுக்கு நான் வர்றேன். அடுத்த பொங்கல் எந்த ஊர்லனு அப்புறம் பார்த்துக்கலாம்” என்கிறார்.

அக்கவுன்ட்டில் அந்த வரி இன்னும் மாறவில்லை. ஆயா மட்டும், ரிப்பன் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே பேத்திக்குக் கட்டுகிறார்.